நாலு பேருக்கு ஒரு மேசை

"எத்தனை பேருக்கு வேணும்க்கா?" என்று மரச்சாமான் கடைக்காரர் கேட்டார். "நாலு பேருக்கு" என்று ஹெப்சிபா சொன்னாள். சொல்லும்போது அவள் கவனமெல்லாம் கால் சுண்டுவிரலில் இருந்தது. ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போன புதுச் செருப்பு காலையிலிருந்து கடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்றதற்கு அத்தான், போய்விட்டு மறுபடி பாளையங்கோட்டையிலிருந்து பைபாஸ் வரைக்கும் யாரு வாரது, இப்பிடியே போய்ப் பாத்துட்டு வந்திருவோம் என்றார். இப்படியே என்றால் பட்டுச்சேலை, கையில் வேதாகமம், தோளில் தண்ணீர்ப் பாட்டில், கடிக்கிற செருப்பு. வேதாகமத்தைக் காரில் வைக்க மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டாள். கடைக்காரரின் சட்டையில் காஜா என்று பெயர் குத்தியிருந்தது. நாலு பேருக்கா, வாங்க, மேல வாங்க என்று அவர் முன்னால் நடந்தார். மாடியா என்று மாமா கேட்டார். மாமாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் முதல் ஆளாக ஏறினார், தேவசகாயம் சார் என்று இன்னும் ஊர் கூப்பிடுகிற மனிதர், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், ஏறி முடித்ததும் யாரும் பிடிக்காமல் ஏறியதுபோல் நிற்பார். மாடியெங்கும் மேசைகள். ஒவ்வொன்றிலும் தட்டு, தம்ளர், மடித்த துணி, நடுவில் பிளாஸ்டிக் ஆப்பிள். நாலு நாற்காலி, ஆறு நாற்காலி, எட்டு நாற்காலி. எல்லாவற்றிலும் யாரோ இப்போதுதான் கைகழுவப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. இவ்வளவு தட்டுக்கும் சோறு போடுவது யார் என்று தோன்றியதும் அவளுக்குத் தோள் வலித்தது. பாலிஷ் வாசனை. ஏ.சி. குளிரில் அந்த வாசனை நாக்கில் ஒட்டியது, வீட்டில் அடுப்படிச் சுவரை உடைத்த நாட்களில் சிமெண்டுத் தூசி ஒட்டியதுபோல. அந்தத் தூசி இன்னும் போகவில்லை. மிளகாய்ப்பொடி டப்பாவின் மூடியிடுக்கில் இருக்கிறது, அஞ்சறைப்பெட்டியின் கீலில் இருக்கிறது, நேற்றுகூட மகள் பெர்சிஸின் கணக்கு நோட்டை உதறியபோது வெள்ளையாக உதிர்ந்தது. நீதானட்டி கேட்ட என்று அத்தான் ஒவ்வொரு தூசிக்கும் சொல்வார். கேட்டது அவள்தான். அதில் பொய் இல்லை. சுவரை எடுத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள், எல்லாரும் இப்போது அப்படித்தானே வைக்கிறார்கள், அடுப்படியும் சாப்பாட்டு இடமும் ஒன்றாக, காற்று வரும், வெளிச்சம் வரும் என்றாள். காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பார்கள். தோசைக்கல் சத்தத்திலும் புகைபோக்கி விசிறியின் இரைச்சலிலும் சிரிப்பு மட்டும்தான் இந்தப் பக்கம் வரும், சிரித்தது எதற்கென்று வராது. என்ன, என்ன சொன்னீங்க என்று கரண்டியோடு வாசலுக்கு வருவாள். ஒண்ணுமில்லம்மா என்பான் ஆல்வின். மறுபடி சொல்ல யாருக்கும் அலுப்பாக இருக்கும், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஒரு முறை சிரித்ததற்கு மறுமுறை யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த ஒண்ணுமில்லம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் சுவரை உடைக்கச் சொன்னாள். கொத்தனார் முதல் அடி அடித்தபோது கைதட்டியது பெர்சிஸ். பழைய மேசையை அன்றைக்கே தூக்கிக்கொடுத்தாயிற்று, புது இடத்துக்கு அது பொருந்தாது என்று எல்லாரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள். இப்போது சுவர் இல்லை, மேசையும் இல்லை. மூன்று பேர் சோபாவிலும் பெர்சிஸ் தரையிலுமாக மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். சிரிப்பதற்குக் காரணம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

"இது பாருங்கக்கா, கண்ணாடி. துடைச்சா போதும், பளிச்சுன்னு இருக்கும்" என்றார் காஜா. மாமா குனிந்து பார்த்தார். "சாப்பிடும்போது என் காலை நானே பாக்கணுமா? வேண்டாம் தம்பி." "காலை மட்டுமா பாப்பீங்க தாத்தா, நீங்க கீழ சிந்துறதையும் பாக்கலாம்" என்றான் ஆல்வின் போனிலிருந்து தலையை எடுக்காமல். "ஏல, சிந்துதது நானா உங்கப்பனா? அவன் பக்கத்துல உக்காந்து உக்காந்து என் வேட்டியெல்லாம் ரசம்." "ஆமா, எல்லாம் நான்தான்" என்று அத்தான் அளவு நாடாவை இழுத்துக்கொண்டே சொன்னார். அத்தான் ஜெயசிங் எதையும் அளந்துபார்க்காமல் வாங்க மாட்டார். நாடாவை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஆராதனையில் உட்கார்ந்திருந்தார். ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற தூரம், பால்கனிக் கதவு, நடக்க இடம், எல்லாம் அவர் மனசில் இருக்கிறது. ஆறு நாற்காலி போட்டால் ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும் என்று நேற்றே சொல்லிவிட்டார். சரிதான். நாலுதான் சரி. ஹெப்சிபா சலவைக்கல் மேசையைக் கையால் தடவினாள். குளிர்ந்தது. மஞ்சள் கறை பிடிக்குமாம், காஜா உண்மையைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மஞ்சள் இல்லாத நாள் ஏது. இன்றைக்கும் காலையில் ஆராதனைக்குக் கிளம்புமுன் கறிக்குழம்பு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அது அடுப்பின் மேல் மூடி போட்டு இருக்கிறது, இந்நேரம் எண்ணெய் மேலே வந்து நின்றிருக்கும். போனதும் சோறு மட்டும் வைக்க வேண்டும். சோறு, ரசம், அப்பளம், மாமாவுக்குக் கறியைத் தனியாக மசித்து. பிறகு சட்டி. சட்டி என்று நினைத்ததும் வாயில் நீர் ஊறியது, உடனே வெட்கமாகவும் இருந்தது, பட்டுச்சேலையும் வேதாகமமுமாக நின்றுகொண்டு. யாருக்கும் தெரியாது, ஊரே அவளைப் பற்றி, பாவம் எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுவா என்று சொல்கிறது, அத்தானின் அக்காள்கூட அப்படித்தான் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அது பாதிதான் உண்மை. எல்லாரும் எழுந்தபிறகு அடிப்பிடித்த மசாலா ஒட்டியிருக்கும் சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டு, சுற்றிலும் வழித்துப் பிசைந்து, ஒரு உருளைக்கிழங்கும் ஒரு நல்ல எலும்பும் அதற்கென்று முன்பே ஒதுக்கி வைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் மேடையில் சாய்ந்து நின்றபடி அவள் சாப்பிடுகிற அந்தச் சோறு மேசையில் யாரும் சாப்பிடாத சோறு. தட்டில் போட்டால் அந்த ருசி வராது. சட்டியின் சூடு கைக்கு வரவேண்டும். அந்த நேரத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை, யாரும் எதுவும் கேட்டதுமில்லை. சுவர் இடிந்த மறுநாளே அது போயிற்று. சட்டியில் கையை வைத்தபோது சோபாவிலிருந்து மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார், கவனமாக, முகம் மறைகிற உயரத்துக்கு. அதோடு அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். இப்போது துணி துவைக்கிற மிஷினில் சாய்ந்து நின்று சாப்பிடுகிறாள். மிஷின் ஓடினால் சட்டி அதிரும். ஆசைப்பட்டு இடித்த சுவரைத் தாண்டி இன்னொரு சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறாள், இதை யாரிடம் சொல்வது, சொன்னால் நீதானட்டி கேட்ட என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. ஆசிரியர் அறையில் மணி அடித்ததும் டப்பாவைத் திறந்து, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, அடுத்தவர் டப்பாவில் கையை விட்டு, பேசிக்கொண்டே சாப்பிடுகிற ஹெப்சிபா டீச்சர் வேறு ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்தால் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டி இல்லாத கை. எதிரில் ஒரு தட்டு காலியானால் அவள் எழுந்துவிடுவாள், யாரும் எழுப்ப வேண்டாம், உடம்பே எழுந்துவிடும். போன கிறிஸ்துமஸுக்கு அத்தானின் அக்காள் வந்து, நீயும் இன்னைக்கு எங்ககூடத்தான் உக்காரணும் என்று இழுத்து உட்காரவைத்தாள். உட்கார்ந்தாள். அப்பளம் என்றார்கள், எழுந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் என்றார்கள். மூன்றாவது தடவை வந்தபோது அவள் கையில் பிசைந்த சோறு காய்ந்து ஓடாகிவிட்டது. அதைக் கழுவிவிட்டு, நான் அப்புறம் சாப்பிடுதேன் மதினி என்றாள். அப்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அது பழகிப்போன நிம்மதி. பள்ளிக்கூடத்துப் பியூனம்மா ஒருத்தி இருந்தாள், ஓய்வு பெற்ற நாளில் அவளுக்கு மேடையில் நாற்காலி போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், அவள் கடைசிவரைக்கும் நாற்காலியின் நுனியில் எழுந்திருக்கிற தோதில் உட்கார்ந்திருந்தாள், யாருக்காவது தேநீர் வேண்டியிருக்குமோ என்று கூட்டத்தைப் பார்த்தபடி. ஹெப்சிபா அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். "யக்கா, இது ரப்பர் மரம். இது மாம்பலகை. இது தேக்கு" என்று காஜா தட்டிக் காட்டினார். மூன்றும் ஒரே சத்தம்தான் போட்டன. "சூடான பாத்திரத்தை மட்டும் நேரா வைக்கப்படாது. அடியில ஏதாவது கொடுத்து வைக்கணும்." "அதெல்லாம் அவ பாத்துக்கிடுவா" என்றார் அத்தான். செருப்பைக் கழற்றினால் தேவலை. இத்தனை நாற்காலிகளுக்கு நடுவில் எதிலும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே இருக்கிறாளே என்று அவளுக்கே இருந்தது. மற்ற எல்லாரும் தேக்கு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மேசையின் தலைப்பக்கம், அத்தான் அவருக்கு வலப்பக்கம், ஆல்வின் எதிரில், பெர்சிஸ் கடைசியில் கால் ஆட்டிக்கொண்டு. அவள் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால், சாய்மானத்தில் கைவைத்து நின்றாள். நின்று பார்த்தால்தான் யார் தட்டில் என்ன இல்லை என்று தெரியும். தட்டுகளில் ஒன்றுமே இல்லை. கடைத் தட்டுகள்.

"வெளாட்டு வெளாட்டு" என்றாள் பெர்சிஸ். "நான் தாத்தா. இப்ப ஜெபம் பண்ணப் போறேன். எல்லாரும் கண்ண மூடுங்க." மூன்றாம் வகுப்பு, எதையும் விளையாடித்தான் பார்ப்பாள். மாமாவுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. "பண்ணு, பண்ணு." பெர்சிஸ் மாமாவைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "அம்மா, நீங்க இங்க நிக்கப்படாது" என்றாள். "ஏன்?" "நீங்க அங்கன போங்க. அந்தப் பீரோவுக்குப் பின்னால. அங்கேருந்துதான் ஆமென் சொல்லணும். சத்தமா." ஆல்வின் சிரித்தான். "மிக்ஸி ஓடுனா கேக்காது, அப்ப ரெண்டு தடவை சொல்லணும்." எல்லாரும் சிரித்தார்கள், இந்த முறை காரணம் அவளுக்கும் கேட்டது, அவளும் சிரித்தாள். உண்மைதானே. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலிருந்து மாமா மேசையில் ஜெபம் சொல்வார், அவள் சுவருக்குப் பின்னாலிருந்து ஆமென் சொல்வாள். அவள் ஆமென் வந்தபிறகுதான் மாமா சோற்றில் கைவைப்பார், அந்த விஷயத்தில் கறாரானவர், மருமகள் ஆமென் சொல்லாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. குக்கர் விசிலில் கேட்காமல் போனால் அத்தான், ஏட்டி, ஆமென் என்று கத்துவார், அவள் ஆமென் என்று கத்துவாள். இதை ஒரு மரியாதை என்றுகூட அவள் நினைத்திருக்கிறாள். அவள் பீரோவுக்குப் பின்னால் போனாள். விளையாட்டுத்தானே. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. முன்பக்கம் தேக்கு மாதிரி மின்னிய பீரோ பின்பக்கம் வெறும் ஒட்டுப்பலகை, ஆணித்தலை தெரிந்தது, சாக்கட்டியில் யாரோ எழுதிய எண். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். தரை சில்லென்றிருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்தாள். யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது, அவர்கள் மேசை வாங்கி, காரில் ஏறி, வீட்டுக்குப் போய், சோறு எங்கே என்று கேட்கிற வரைக்கும் இங்கேயே நிற்கலாம். "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று பெர்சிஸ் மாமாவின் குரலில் ஆரம்பித்தாள். "இந்த மேசையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதியும்." எத்தனை வருஷமாகக் கேட்கிற வாக்கியம். புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டது, அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டது. மேசையைச் சுற்றி இருக்கிற. அவள் தன் நெஞ்சோடு பிடித்திருந்த வேதாகமத்தைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவரையும். ஆமென் என்று அவள் சொல்வதற்குள் அந்தப் பக்கம் காஜாவின் குரல் கேட்டது, மெதுவாக, ஜெபத்தைக் கெடுக்காத குரலில், அத்தானிடம். "அப்ப அக்கா சொன்ன மாதிரி நாலு சேர் போட்டுரவா சார்? மொத்தம் நாலு பேர்தானே?" "ஆமா, நாலுதான்" என்றார் அத்தான்.

நாலு. அவள் எண்ணினாள். மாமா, அத்தான், ஆல்வின், பெர்சிஸ். நாலு. சரியாகத்தான் இருந்தது. மறுபடி எண்ணினாள், காலையில் வகுப்பில் வருகை எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக, தவறு எங்கே என்று முதலில் பிடிபடவில்லை. கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம், எண்ணுகிறவன் தன்னை எண்ண மறந்தால் விடை ஒன்று குறையும். வருகைப் பதிவில் டீச்சரின் பெயர் இருக்காது, அதனால் வகுப்பில் டீச்சர் இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் பழகிவிடும். பதிவேட்டை மூடும்போது எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிப் பழகிவிடும். அவளைச் சொல்லச் சொன்னது யாருமில்லை. எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள், அவள்தான் சொன்னாள், யோசிக்கக்கூட இல்லை. அதைவிட, அவள் சொன்னபோது நாலு பேரும் பக்கத்தில் நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்று குறைவதாகத் தோன்றவில்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அசதிதான் வந்தது, காலிலிருந்து மேலே ஏறி இடுப்பில் நின்றது. இப்படியே விட்டுவிடலாம். நாலு நாற்காலி போதும், ஃபிரிட்ஜ் கதவு நன்றாகத் திறக்கும். அவளுக்குத்தான் சட்டி இருக்கிறதே. மிஷின் ஓடாத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்தால் மட்டும் என்ன, அப்பளம் என்பார்கள், எழுந்திருப்பாள், கை காயும். ஆனால் இந்த மேசை தேக்கு. தேக்கு என்றால் ஒரு ஆயுசுக்கு வரும் என்று காஜா சொன்னார். ஆயுசு முழுக்க நாலு நாற்காலி. "அம்மா! ஆமென்!" என்று கத்தினாள் பெர்சிஸ். "ஏட்டி, ஆமென்" என்றார் அத்தான், வீட்டில் சொல்வதுபோலவே, விளையாட்டென்ற ஞாபகம் இல்லாமல். பீரோவின் பின்பலகையில் அந்தக் குரல் முட்டியது. அவள் ஆமென் சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

"அஞ்சு போடுங்க" என்றாள் காஜாவிடம். காஜா பேனாவை நிறுத்தினார். "அக்கா, நாலுதான்னீங்க." "அஞ்சு." "செட்டுன்னா நாலு, இல்லாட்டி ஆறுதாங்க்கா வரும். அஞ்சு கிடையாது. ஆறு போட்டா சார் சொன்ன இடத்துக்குப் பத்தாது." "நாலு போட்டுட்டு ஒத்தையா ஒண்ணு தாங்க." "ஒத்தைன்னா இதே மாடல் இருக்காதுக்கா. பழைய டிஸ்ப்ளே சேர் ஒண்ணு கிடக்கு, நிறம் கொஞ்சம் மாறும்." "பொருந்தாதே" என்றார் அத்தான். நாடாவை மறுபடி இழுத்தார், மேசையின் குறுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், உண்மையிலேயே குழம்பியிருந்தார். "அஞ்சாவது யாருக்குட்டி? யாரு வாரா?"

"நான் வாரேன்" என்றாள் ஹெப்சிபா.

 அத்தான் நாடாவை விட்டார், அது சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போனது. ஆல்வின் போனிலிருந்து தலையை எடுத்தான். மாமா ஆள்காட்டி விரலால் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் காட்டி, உதட்டுக்குள் எண்ணினார், விரல் அவளிடம் வந்ததும் நின்றது, பிறகு அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்டிக் ஆப்பிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காஜா அந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். கறுப்பு. மற்ற நாலும் தேன் நிறம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், ஒன்று மட்டும் வேறு என்று. தெரியட்டும். அவள் உட்கார்ந்தாள். முதலில் நுனியில்தான் உட்கார்ந்தாள், பியூனம்மாவைப்போல, பிறகு அது தெரிந்து பின்னால் நகர்ந்தாள். முதுகு சாய்மானத்தைத் தொட்டது. வேதாகமத்தை மேசைமேல் வைத்தாள், செருப்பைக் கீழே போட்டாள். கையை என்ன செய்வதென்று இப்போதும் தெரியவில்லை, மேசைமேல் வைத்துக்கொண்டாள். சட்டியை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட வேண்டியதுதான். அடியில் ஏதாவது கொடுத்து. பார்ப்பவர்கள் பார்க்கட்டும், இல்லையென்றால் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். "சரி, எந்திரி, போவோம்" என்றார் அத்தான், கொஞ்சம் மெதுவாக. "போய்ச் சோறு வைக்கணும்லா." அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு எழப் பார்த்தது, அவள் விடவில்லை. பெர்சிஸுக்குத்தான் விளையாட்டுக் கெட்டுவிட்டது. கூப்பிய கையைப் பிரிக்காமல் பீரோவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க இங்க உக்காந்துட்டா," என்றாள், "அங்கேருந்து ஆமென் யாரும்மா சொல்லுவா?"